கொக்கைக் கொக்காகப் பாருங்கள்: ஐந்தடிப் பாட்டு ஒன்றைப் பிரித்துப் படிக்கும் முறை

மாலை ஐந்தரைக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டாலும் இந்த வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அவர்கள் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'இப்பாடலின் நயம் பாராட்டுக.' அதற்கு ஒரு விடை எல்லோரிடமும் தயாராக இருக்கும். 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று தொடங்கி, எதுகை நயம், அணி நயம், சந்த நயம் என்று நடந்து, 'கவிஞர் இயற்கையை அழகுற வருணித்துள்ளார்' என்று முடியும். பாட்டைப் படிக்காமலே எழுதிவிடக்கூடிய விடை அது. கல்லூரியில் நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் போட்டார்கள். அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

சின்ன இயற்கைப் பாட்டு ஒன்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன். அதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது குறுந்தொகையில் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. சங்க இலக்கியம் படித்திராதவர்களும் பயப்பட வேண்டாம், மொத்தமே ஐந்து அடிகள்தான்.

யாரு மில்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே

முதல் வேலை, இதை உங்கள் கையால் நோட்டில் எழுதுவது. இரண்டு முறை எழுத வேண்டும். மேலே இருப்பதுபோல் சீர் பிரித்து, அதாவது ஓசைத் துண்டுகளாக, ஒருமுறை. சொல் பிரித்து இன்னொருமுறை. 'யாரு மில்லை' என்பது ஓசைக்கான பிரிப்பு. 'யாரும் இல்லை' என்பது பொருளுக்கான பிரிப்பு. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்யப் போனால் இரண்டும் கெடும். 'ளன்ன' என்றால் என்ன டீச்சர் என்று ஒரு பையன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். அது 'தாள் அன்ன' என்பதன் பாதி. சொல் பிரித்தால் இப்படி வரும்:

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

அடுத்து, பொருள் தேடும் முன்பே மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு நிற்கிறது, எங்கே நிற்க முடியாமல் ஓடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அடிகளில் மூன்று இடத்தில் நிற்பீர்கள். 'யாரும் இல்லை.' நிறுத்தம். 'தானே கள்வன்.' நிறுத்தம். 'யான் எவன் செய்கோ?' நிறுத்தம். மூன்றாம் அடியில் ஏறினால் 'குருகும் உண்டு' வரை இறங்க இடமே கிடையாது. காரணம் பின்னால் தெரியும். இப்போது குறிப்பு மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் அருஞ்சொற்கள். இந்தப் பாட்டில் அவை குறைவு. பொய்ப்பின் என்றால் பொய்த்தால். எவன் செய்கோ என்றால் என்ன செய்வேன். தாள் என்றால் பயிரின் தண்டு. கால என்றால் கால்களை உடைய. மணந்த ஞான்று என்றால் கூடிய அன்று. திருக்குறளில் 'எஞ்ஞான்றும்' என்று வருகிறதே, அதே ஞான்றுதான். குருகு என்றால் கொக்கு, நாரை இனம். ஆரல் ஒரு மீன்.

உரைநடையில் சொன்னால்: 'அங்கே வேறு யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத் தண்டு மாதிரி சின்னப் பச்சைக் காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு கொக்கும் இருந்தது, அவன் என்னைக் கூடிய அன்று.'

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு அவசரப்படுவார்கள். 'கொக்கு எதன் குறியீடு?' என்று கேட்பார்கள். வேண்டாம். கொக்கை முதலில் கொக்காகப் பாருங்கள்.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். ஒருநாள் பஸ் வரவில்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு மடையான் நின்றுகொண்டிருந்தது. டெல்டாவில் மடையான் என்போம், சில ஊர்களில் குருட்டுக் கொக்கு என்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், பறந்தால்தான் உள்ளே இருக்கும் வெள்ளை இறக்கை தெரியும். ஆள் மிகக் கிட்டத்தில் போகும்வரை அசையாது. அரை மணி நேரம் நான் அதையே பார்த்தேன். பின்னால் ஒரு டிராக்டர் போனது, இரண்டு பேர் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அதன் கழுத்து திரும்பவில்லை. கண் தண்ணீரில். மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய கால்கள், நடுவில் ஒரு முடிச்சு, தினைத் தண்டின் கணு மாதிரி. அப்போதுதான் எனக்கு 'ஆரல் பார்க்கும்' என்ற சொற்கள் வந்து மனசில் விழுந்தன. அது இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மீனை மட்டும் பார்த்தது. நாளைக்கு யாராவது வந்து 'அன்றைக்கு இங்கே என்ன நடந்தது' என்று கேட்டால் அந்தக் கொக்குக்கு ஒன்றுமே தெரியாது.

பாட்டின் வலி முழுக்க அங்கே இருக்கிறது. பாட்டில் பேசும் பெண்ணுக்கு ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சிக்கு வாய் இல்லை, அதன் கண்ணும் வேறு பக்கம் இருந்தது.

எனவே பொருளைத் தேடும்போது பாட்டிலுள்ள உயிர்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள். ஆரல் நீளமாக, பாம்புபோல் இருக்கும் சின்ன மீன். முதுகில் முள் வரிசை. மணலிலும் சேற்றிலும் உடம்பைப் புதைத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டும் பழக்கம் உள்ளது. அதைப் பிடிக்க வேண்டுமானால் கொக்கு கண் சிமிட்டாமல் நிற்க வேண்டும். கபிலர் வெறுமனே 'மீன் பார்க்கும்' என்று சொல்லாமல் ஆரல் என்று சொன்னதில் இந்தக் கவனமும் வந்துவிடுகிறது. தண்ணீரும் நிற்கிற தண்ணீர் இல்லை, ஒழுகுநீர். அன்று ஓடிய தண்ணீர் இன்று அங்கே இருக்காது.

'பார்க்கும்' என்ற சொல்லை இன்னொரு தடவை பாருங்கள். நாம் இன்றும் 'பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்' என்கிறோம். பஸ் கண்ணில் பட்டிருக்காது. வரும் என்று காத்திருக்கிறோம். கொக்கு மீனுக்காகக் காத்திருக்கிறது. அவளும் காத்திருக்கிறாள், அவன் வந்து மணம் பேசுவான் என்று. இதை எந்தச் சொல்லும் நேரடியாகச் சொல்லவில்லை.

இப்போது சொற்களின் வரிசைக்கு வருவோம். குருகு என்ற பெயர் எப்போது வருகிறது? கடைசி அடியில். அதற்கு முன்னால் தினைத்தாள், சிறு பசுங்கால், ஒழுகுநீர், ஆரல், பார்வை எல்லாம் வந்துவிடுகின்றன. தமிழில் பெயருக்கு முன்னால் அடையை அடுக்கிக்கொண்டே போகலாம் என்பதால் இது முடிகிறது. கவிஞர் அதைப் பயன்படுத்தி முதலில் காலைக் காட்டுகிறார். தலை குனிந்திருந்த பெண்ணின் கண்ணில் முதலில் படக்கூடியது தண்ணீரில் நிற்கும் இரண்டு கால்கள்தானே. பிறகு நீர், நீருக்குள் மீன், மீன்மேல் பதிந்த கண். அதன்பின்தான் முழுப் பறவை. இது என்னுடைய வாசிப்பு. உங்களுக்கு வேறு காரணம் தோன்றலாம், ஆனால் வரிசையைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். மூன்றாம் அடியிலிருந்து மூச்சு விட இடமில்லாமல் ஓடினோமே, அதற்கும் இதுதான் காரணம்: 'கால', 'பார்க்கும்' எல்லாம் குருகு என்ற பெயரில் போய்ச் சேரும்வரை முடிவதில்லை.

சரி, யாப்பு, அதாவது பாட்டின் ஓசைக் கணக்கு. இதைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கை தட்டிப் பழகினால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரு தட்டு ஓர் அசை. தனியாக நிற்கும் ஓர் ஓசை நேர்: தா, கள், யா. குறிலில் தொடங்கி இரண்டாக இணைந்து ஓடினால் நிரை: தினை, குரு, மணந். இந்தப் பாட்டின் சீர்கள் எல்லாமே ஈரசைச் சீர்கள். முதல் அடியை அசை பிரியுங்கள். யா/ரு, மில்/லைத், தா/னே, கள்/வன். எட்டு அசையும் நேர். நேரும் நேரும் சேர்ந்த சீருக்குத் தேமா என்று பெயர், இங்கே நான்கு சீரும் தேமா. ஒரு நிரைகூடக் கிடையாது. மேசையை எட்டு முறை ஒரே மாதிரி தட்டிப் பாருங்கள், அதுதான் அந்த அடி. அழுது முடித்தவள் பேசுவதுபோல் ஏற்ற இறக்கமில்லாத குரல்.

இரண்டாம் அடியில் தா/னது, யா/னெவன் என்று இரண்டு நிரை நடுவே நுழைகின்றன. அடி தொடங்குவது இன்னும் நேரில்தான். மூன்றாம் அடி தினைத்/தா, நான்காம் அடி ஒழு/குநீ, ஐந்தாம் அடி குரு/கு. மூன்றும் நிரையில் தொடங்குகின்றன. கொக்கின் கால் பாட்டுக்குள் வந்த அதே அடியில் ஓசையும் மாறுகிறது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்த குரல் நினைவுக்குள் இறங்குகிறது, நடை வேகம் எடுக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஓசையை வைத்து எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்ற ஆசை வரும். 'வல்லினம் அதிகம், ஆகவே கோபம்' என்று எழுதுவார்கள். நான் வைத்திருக்கும் விதி: ஓசையில் ஒன்று தென்பட்டால், சொல்லிலோ இலக்கணத்திலோ அதே இடத்தில் வேறொரு மாற்றம் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் எழுதுவேன். இங்கே மூன்றாம் அடியில் ஓசை மாறும்போது பேச்சும் கேள்வியிலிருந்து காட்சிக்கு மாறுகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள் போய் ஒரே நீள வாக்கியம் வருகிறது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் தைரியமாகச் சொல்லலாம்.

நான்காம் அடியில் மூன்று சீர்தான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 'கடையயற் பாதமுச் சீர்வரின் நேரிசை' என்கிறது யாப்பு இலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை. கடைசிக்கு முந்தைய அடி முச்சீராக வந்தால் அது நேரிசை ஆசிரியப்பா. விதி பொதுவானது, குறுந்தொகையில் மிகப் பெரும்பாலான பாட்டுகள் அப்படித்தான். ஆகவே 'கபிலர் இங்கே வேண்டுமென்றே ஒரு சீரைக் குறைத்தார்' என்று எழுதினால் தவறு. ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைத்தார் என்று கேட்கலாம். 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்.' கொக்கு அசையாமல் நிற்கும் அடி. வழக்கமான நாலாவது சீர் வராமல் காது ஒரு கணம் காத்திருக்கிறது.

இடைச்சொற்களை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பெயர்ச்சொல்லையும் உவமையையும் மட்டும் அடிக்கோடிடுவார்கள். பாட்டின் மூட்டுகள் சின்னச் சொற்களில்தான் இருக்கின்றன. இங்கே 'உம்' இரண்டு இடத்தில் வருகிறது. 'யாரும் இல்லை', 'குருகும் உண்டு.' முதல் உம் எல்லோரையும் வெளியே தள்ளுகிறது. இரண்டாம் உம் ஒன்றே ஒன்றை உள்ளே சேர்க்கிறது. இல்லை என்று தொடங்கிய பாட்டு உண்டு என்ற சொல்லுக்கு வந்துவிடுகிறது, ஆனால் அந்த உண்டு அவளுக்கு எந்த உதவியும் செய்யாது. அடுத்து 'தான்.' எண்ணுங்கள்: தானே கள்வன், தான் அது பொய்ப்பின், தான் மணந்த. மூன்று. 'யான்' எத்தனை? ஒன்று, அதுவும் 'என்ன செய்வேன்' என்ற கேள்விக்குள். யார் கையில் முடிவு இருக்கிறது என்பதை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது.

'கள்வன்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். திருடன் என்ற பொருள் மேலே தெரியும். யாருக்கும் தெரியாமல் நடக்கும் காதலுக்குக் களவு என்றே இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. களவில் வந்தவன் கள்வன். கோபமும் கொஞ்சலும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இன்றும் வீட்டில் குழந்தையைத் 'திருட்டுப் பயலே' என்று கொஞ்சுகிறோமே, அந்த மாதிரி. அவளிடம் வழக்கு இருக்கிறது, ஆனால் அங்கே இருந்த இன்னொரு மனிதன் அந்தக் குற்றவாளி மட்டும்தான்.

இனி திணை, அதாவது நிலத்தையும் அதற்குரிய உணர்வையும் வைத்துப் பாட்டை வகுக்கும் முறை. 'முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே' என்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழும் செடி, பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கரு. மனிதர்களின் உணர்வு நிலை உரி. இந்தப் பாட்டில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கொக்கு இருக்கிறது, ஓடும் நீரும் மீனும் இருக்கின்றன, ஆகவே வயல்நிலத்துக்குரிய மருதம் என்று எழுதிவிடுவார்கள். பாட்டு மலைநிலத்துக்குரிய குறிஞ்சித் திணையில் இருக்கிறது. உரிப்பொருள் களவில் நடந்த கூடல். உவமையாக வந்த தினை மலைநிலத்துப் பயிர். கொக்கு எப்படி வந்தது என்றால் அதற்கும் தொல்காப்பியம் இடம் வைத்திருக்கிறது: 'எந்நில மருங்கில் பூவும் புள்ளும்' வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ள வேண்டும். பறவைக்கு வேலி கிடையாது என்று அன்றே தெரிந்து எழுதியிருக்கிறார்கள். எனவே திணையைச் சொல்லும்போது உரியிலிருந்து தொடங்குங்கள். கரு அதற்குத் துணை நிற்கட்டும்.

பாட்டின் கீழே பழைய பதிப்புகளில் ஒரு குறிப்பு இருக்கும்: தலைவன் மணம் செய்துகொள்ளாமல் நாள் கடத்தியபோது தலைவி தோழிக்குச் சொன்னது என்று. இந்தக் கூற்றுக் குறிப்பைக் கடைசியில் படியுங்கள் என்று நான் சொல்வேன். காகிதத்தால் மூடி வைத்துவிட்டுப் பாட்டைப் படியுங்கள். பாட்டுக்குள் 'தோழி' என்ற விளியே இல்லை. அவள் தனக்குத் தானே பேசிக்கொள்வதாகவும் கேட்கிறது. குறிப்பைத் திறந்ததும் தோழி வந்து பக்கத்தில் உட்காருகிறாள், பாட்டுக்கு ஒரு நோக்கமும் வருகிறது: சீக்கிரம் மணமுடிக்க ஏதாவது செய் என்ற வேண்டுதல். இரண்டு வாசிப்புக்கும் இடையில் என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு குறியீடு பற்றிப் பேசலாம். கொக்கு தலைவனைக் குறிக்கிறதா? தனக்கு வேண்டியதை மட்டும் பார்ப்பது, கிடைத்ததும் பறந்துவிடக்கூடியது. அப்படிச் சொல்ல இடம் இருக்கிறது. கொக்கு அவளுடைய ஒரே சாட்சி என்பது நேர்ப்பொருள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் 'குருகும் உண்டு' என்ற சொற்கள் அதைத்தான் சொல்கின்றன. முதலாவது அதன் நிழலாக வரலாம். நிழலை முன்னால் வைத்துப் பறவையைத் தொலைத்துவிடக் கூடாது.

எழுதும்போது ஒவ்வொரு கருத்துக்கும் பாட்டில் ஒரு சொல்லைக் கட்டி வையுங்கள். 'கவிஞர் கொக்கை அழகாக வருணித்துள்ளார்' என்பதில் கட்டு இல்லை. 'குருகு என்ற பெயருக்கு முன்பே அதன் காலும் பார்வையும் வருகின்றன. அது பார்த்தது ஆரலை மட்டும் என்பதால், அவள் காட்டக்கூடிய ஒரே சாட்சி எதையும் காணாத சாட்சியாகிறது' என்று எழுதினால், படிப்பவர் பாட்டுக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியும். எதுகை, மோனை இருந்தால் சொல்லுங்கள்; வெறும் பட்டியலுக்காக ஒரு பத்தியை வீணாக்க வேண்டாம்.

பழகிப் பார்க்க இன்னொன்று தருகிறேன். இதுவும் கபிலர், இதுவும் குறுந்தொகைதான், 38ஆம் பாட்டு.

கான மஞ்ஞை அறைஈன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்
குன்ற நாடன் கேண்மை என்றும்
நன்றுமன் வாழி தோழி உண்கண்
நீரொடு ஒராங்குத் தணப்ப
உள்ளாது ஆற்றல் வல்லு வோர்க்கே

மஞ்ஞை மயில், அறை பாறை, முசு ஒருவகைக் குரங்கு, குருளை குட்டி, கேண்மை நட்பு, தணப்ப பிரிய. காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயில் காய்கிற குரங்குக் குட்டி உருட்டி விளையாடுகிறது. அப்படிப்பட்ட மலைநாட்டுக்காரனின் நட்பு நல்லதுதான், அவன் பிரியும்போது மைதீட்டிய கண்ணில் நீர் வர அவனை நினைக்காமல் பொறுத்துக்கொள்ள வல்லவர்களுக்கு. இங்கே 'தோழி' வெளிப்படையாகவே இருக்கிறாள். 'மன்' என்ற சின்னச் சொல் 'நன்று' என்பதை என்ன செய்கிறது என்று பாருங்கள். முச்சீர் அடியில் எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். குட்டிக்குத் தான் உருட்டுவது முட்டை என்று தெரியுமா? மயில் அப்போது எங்கே இருந்தது? முட்டை கடைசியில் என்ன ஆயிற்று என்று பாட்டில் எங்கும் இல்லை. நோட்டை எடுத்து, இரண்டு விதமாகப் பிரித்து எழுதிவிட்டு, அந்த முட்டையிலிருந்து தொடங்குங்கள்.